தண்ணீர் வற்றிய பிறகு

குருநகருக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த மீனவர், வலை இழுத்துக் காய்த்த விரலால் கைபேசியில் பூதச் சண்டை விளையாடிக்கொண்டிருந்தார். நீர்ப்பூதத்தோடு மோதும் முன் ஒவ்வொரு முறையும், கடலில் இறங்கும்போது செய்வதுபோல, திரையைத் தொட்டுச் சிலுவை போட்டார். ஒவ்வொரு முறையும் தோற்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணை, முதல்லை அந்த மூண்டு மதகையும் ஓரத்திலையிருந்து வரிசையாத் திறவுங்கோ. தண்ணி வத்தினால் அதுக்குப் பலமில்லை.”

திறந்தார். தண்ணீர் வற்றியது, பூதம் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. வெறுந்தரையில் தன் குட்டிப் பூதத்தை மூலை மூலையாக நடத்திக்கொண்டிருந்தார்.

“வெண்டிட்டியள்தானே, இன்னும் என்ன தேடுறியள்?”

“கடலும் இப்பிடி ஒருக்கா வத்தினால், போய் வராத என்ரை மகனைக் கண்டுபிடிச்சிடுவன், தங்கச்சி.”

நானும் அந்த விளையாட்டை விளையாடுகிறவள்தான். மதகுகளுக்கு முன்னால் இப்போதெல்லாம் என் விரல் நின்றுவிடுகிறது.