ஓடைக் குழாய்க்கு ஒரு கையெழுத்து

வயலில் நாங்கள் குடியிருந்த காட்டுக்கொட்டாய்க்கும் ஊருக்கும் நடுவில் ஓர் ஓடை. பெரிய அகலம் ஒன்றுமில்லை. வருஷத்தில் பாதி நாள் ஆடுகள்தான் அதில் படுத்துக் கிடக்கும். ஆனால் கல்வராயன் மலையில் கொட்டித் தீர்த்தால், எங்கள் தலையில் ஒரு சொட்டு விழாமலே ஓடை நிரம்பிவிடும். அன்று பள்ளிக்கூடம் விட்டு நான் வீடு திரும்ப முடியாது. ஊருக்குள் இருந்த பெரியப்பா வீட்டில் தங்கிவிடுவேன்.

மற்றவர்களுக்கு அது தொல்லை, எனக்குத் திருவிழா. கொட்டாயில் நான் ஒற்றைப் பிள்ளை. பேச்சுத் துணைக்கு எருமைதான். பெரியப்பா வீட்டிலோ மூன்று அக்காக்கள். ஒரே தட்டில் நாலு பேரும் கைவிட்டுச் சண்டை போட்டுச் சாப்பிடுவோம். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்ததிலிருந்து பேசிக்கொள்வதில்லை. பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது.

நான் நாலாவது படிக்கும்போது, ஓடையில் சிமெண்டுக் குழாய் இறக்கி, மேலே மண் கொட்டி வழி போட அப்பா முடிவு செய்தார். ஏரிக்குத் தண்ணீர் போகும் ஓடை அது. அரசாங்க அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. கள்ளக்குறிச்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஏரித் தண்ணீரில் பயிர் வைப்பவர்கள் ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார்களாம். வீடு வீடாகப் போய் வாங்கினார். பெரியப்பாவுக்கும் அந்த ஏரியில்தான் பாசனம்.

ஒரு சனிக்கிழமை காலை அப்பாவே எனக்குத் தலை வாரிவிட்டு, தாளை என் பையில் வைத்தார்.

“பெரியப்பாகிட்ட குடு. அப்பா குடுத்துச்சுன்னு சொல்லு. கையெழுத்து வாங்கிக்கினு வா.”

வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. குழாய் வந்தால் ஓடை என்னைத் தடுக்காது. தடுக்காவிட்டால் பெரியப்பா வீட்டில் தங்குவது எப்படி?

பெரியப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“இன்னா பாப்பா, அப்பன் எதுனா சொல்லிவுட்டானா?”

“ஒண்ணும் சொல்லல பெரிப்பா. சும்மா வெளாட வந்தேன்.”

“ஒண்ணுமே சொல்லலியா?”

“இல்ல.”

அவர் மறுபடி தவிட்டில் கைவிட்டார். நான் மதியம்வரை அக்காக்களோடு நொண்டி ஆடினேன்.

திரும்பி வந்தபோது அப்பா ஓடைக்கரையிலேயே நின்றிருந்தார்.

“இன்னாம்மா சொன்னாரு?”

“போட மாட்டேன்னுட்டாரு.”

பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். அப்பா தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் ஆபீஸ் பக்கமே போகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன், பெரிய மனுஷி!

அடுத்த மழைக்கு ஓடை வந்தது. ஆசை ஆசையாகப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், பள்ளிக்கூட வாசலில் இடுப்புவரை நனைந்து அப்பா நிற்கிறார். “இனிமே அந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று சொல்லி, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அவராலும் இறங்க முடியாத நாட்களில் பள்ளிக்கூடமே கிடையாது. கரையில் உட்கார்ந்து செந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்காக்களைக் கத்திக் கூப்பிட்டாலும் ஊர்வரை கேட்காது. அழுகை அழுகையாக வரும். உண்மை வாய்வரை வரும்; தோலை உரித்துவிடுவார் என்ற பயத்தில் விழுங்கிக்கொள்வேன். நாலு மழைக்காலம் இப்படியே போயிற்று. அப்புறம் ஹாஸ்டல், வேலை, கல்யாணம்.

போன வருஷம் பெரியப்பா இறந்துபோனார். அப்பா சாவு வீட்டுக்குப் போனார், கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு வந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், மாட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டே தானாகச் சொன்னார்.

“அஞ்சு பேரு கையெழுத்து போதும்னுதான் ஆபீசரு சொன்னாரு. அஞ்சும் நான் அப்பவே வாங்கிட்டேன். உங்க பெரியப்பாவோடது தேவையே இல்ல. இதைச் சாக்கா வெச்சாவது ஒரு வார்த்தை பேசுவாருன்னுதான் உன்னை அனுப்பிச்சேன். மனுசன் மாட்டேன்னுட்டாரே. அப்புறம் வழி எதுக்குன்னு வுட்டுட்டேன்.”

ஓடைக்கு வழி போடத்தான் அப்பா கையெழுத்துக் கேட்கிறார் என்று ஒன்பது வயதில் நினைத்திருந்தேன். இப்போது அவருக்கு எழுபது ஆகிறது. நான் இன்னும் சொல்லவில்லை.