டாக்டர் எந்தப் பாஷையில் சொன்னார்?

பிள்ளைகளே, உங்கள் மாமா பஞ்சாயத்து மெம்பர் ஆனது எப்படி என்று அவரைக் கேட்டால் ஒரு கதை சொல்வார். அத்தையைக் கேட்டால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்தத் தேர்தலில் மாமாவைச் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார வைத்து மிதித்தவன் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். ஐந்தாம் கிளாஸுக்கு மேல் நான் படிக்கவில்லை. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

அப்போது கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தேன். ஊர் அப்போதைய திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. பொள்ளாச்சி ரோட்டில் கொஞ்சம் மிதித்தால் சென்னை ராஜ்ஜியம் வந்துவிடும். வெயில் மட்டும் இரண்டுக்கும் பொது. நாங்கள் வீட்டில் தமிழ் பேசுவோம், சர்க்கார் ஆபீசுக்குப் போனால் மலையாளம் பேசுவோம், கோபம் வந்தால் எது முதலில் வருகிறதோ அது. பாஷைவாரியாக ராஜ்ஜியங்களைப் பிரிக்கப் போகிறார்கள் என்று பேச்சு பலமாக இருந்த சமயம்.

கடை முன்னால் ஒரு பெஞ்சு போட்டிருந்தேன். பஞ்சர் ஒட்டும்வரை ஆள் உட்காரட்டும் என்றுதான் போட்டது. ஆனால் சைக்கிளே இல்லாதவர்கள்தான் அதில் அதிகம் உட்கார்ந்தார்கள். எதிரே மளிகைக் கடை வைத்திருந்த ராவுத்தர், கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் பேப்பரோடு வந்துவிடுவார். உங்கள் மாமா, அதாவது என் அக்கா புருஷன், காலையில் வயலைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு நேராக அங்கே வருவார். அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். உடம்பு அப்படி. கையில் ஒரு தடி. அதை ஊன்றித்தான் எழுந்திருப்பார், அதை ஆட்டித்தான் பேசுவார்.

மாமாவுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் உலகத்தில் கிடையாது. அணுகுண்டு வெடித்ததிலிருந்துதான் மழை தப்புகிறது என்பார். கரண்டுக் கம்பி போகும் வழியில் எருமை மேய்ந்தால் பால் குறையும் என்பார். வனஸ்பதி தின்றவனுக்கு முதலில் கண் போகும், அடுத்தது ஞாபகம் போகும், பிறகு எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டோம் என்பது போகும். வைட்டமின் என்பது நிலக்கடலையின் சிவப்புத் தோலில் இருக்கிறது, அதை ஊதித் தள்ளிவிட்டுப் பருப்பைத் தின்பதால்தான் நம் ஜனங்கள் அடிமையானார்கள். இதையெல்லாம் அவர் எங்கே படித்தார் என்று நான் கேட்டதில்லை. ராவுத்தர் கேட்பார். எதிலும் படிக்காததால்தான் தெரிகிறது என்று மாமா பதில் சொல்வார்.

உங்கள் அத்தைக்கு, அதாவது என் அக்காவுக்கு, இது பெரிய பாடு. பெஞ்சில் மிச்சம் வைத்த அபிப்பிராயத்தையெல்லாம் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பங்கரையில் இறக்குவார்.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் ஒருவர் முதலிலேயே நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியுமுன் தண்டால், பஸ்கி, அப்புறம் ஊர் எல்லைவரை ஓட்டம். உடம்பில் பிடித்துக் கிள்ள இடம் கிடையாது. என் கடையிலேயே நல்ல சைக்கிளாகப் பார்த்து வாடகைக்கு எடுத்து வீடு வீடாகப் போனார். ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றபடி, ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் திட்டங்களைச் சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டு போய்விடுவார்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. தானும் நிற்பதாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்து வழியில் இருக்கிற ஓடைக்கு ஒரு பாலம் கட்டித் தருவேன் என்பது அவருடைய வாக்கு. அன்று நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நில்லுங்க, வேண்டாங்கல. செயிச்சீங்கன்னா ஊருக்கே அபிப்பிராயம் சொல்லுங்க, நான் குறுக்க வரமாட்டன். தோத்தீங்கன்னா, அதுக்கப்பறம் ஒண்ணுக்கும் அபிப்பிராயம் சொல்லப்படாது."

மாமா சிரித்தார். "ஊட்டுலயுமா?"

"ஊட்டுலதாங்க முக்கியமா."

சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் முறத்தைப் பார்த்தேன். அந்த நிமிஷத்திலிருந்து பாலத்தை விடப் பெரிய காரியம் ஒன்று அந்தத் தேர்தலில் மாட்டிக்கொண்டுவிட்டது. பேசாமல் இருக்கச் சொல்வதும் மூச்சு விடாமல் இருக்கச் சொல்வதும் அவருக்கு ஒன்றுதான்.

முதல் நாள் ஓட்டுக் கேட்கப் போனோம். வரப்பில் மூன்றாவது வயல் தாண்டுவதற்குள் மாமாவுக்கு மேல்மூச்சு வாங்கி, ஒரு தென்னை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். இது ட்ரில் மாஸ்டர் காதுக்குப் போயிற்று. அன்று சாயந்தரமே என் கடைக்கு வந்து, காற்றடித்துக்கொண்டிருந்த என்னிடம் சொல்வதுபோல் மாமா இருந்த பெஞ்சுக்குச் சொன்னார்:

"ஊரை நடத்தறவன் முதல்ல தான் நடக்கத் தெரிஞ்சவனா இருக்கணும் தம்பி. டயருக்கு எவ்வளவு காத்துன்னு உனக்குத் தெரியுமில்ல, மனுஷனுக்கும் அப்படித்தான்."

மாமா தடியை ஆட்டவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் தாலுகா ஊரான சித்தூருக்குப் போனார்.

அங்கே ஒரு டாக்டர் புதிதாக வந்திருந்தார். தெற்கே கோட்டயம் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். எங்கள் பக்கத்து ஜனங்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேச வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தமிழ் பழகிக்கொண்டிருந்தார். பாதி தமிழ், பாதி மலையாளம், எந்தப் பாதி எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாது. மாமாவின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், வயிற்றைத் தட்டினார், பிறகு சிரித்த முகமாகச் சொன்னார்:

"காலத்து எழுந்த உடனே வெள்ளம் குடிக்கணும். நல்லா குடிக்கணும். தடி குறையும்."

நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மலையாளத்தில் காலத்து என்றால் காலையில், வெள்ளம் என்றால் தண்ணீர். தடி என்றால் உடம்பின் பருமன். காலையில் தண்ணீர் குடி, உடம்பு இளைக்கும் என்றுதான் என் காதில் விழுந்தது. மாமா பஸ்ஸில் திரும்பும்போது விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டே வந்தார். கெட்டிக்கார டாக்டர் என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, வெல்லம் எத்தனை உருண்டை இருக்கிறது என்று கேட்டார்.

மறுநாள் பெஞ்சில் இது பெரிய வழக்காகிவிட்டது. ராவுத்தர்தான் ஆரம்பித்தார்.

"தண்ணி குடிக்கச் சொன்னாருங்க கவுண்டரே. நீங்களே சித்தூர் ஆபீசுல போய் வெள்ளம் தாங்கன்னு கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆளுதானே?"

"அது நான் மலையாளத்துல கேக்கறது. அவரு எங்கிட்டத் தமிழ்ல பேசுனாரு."

"ளகரம் காதுல விழலையா?"

"பழகற மனுசன், நாக்கு கொஞ்சம் அழுந்தீருக்கும். மரியாதைக்கு நம்ம பாஷையில சொன்னாரு, அதப் போயி நாமளே மலையாளமாக்கிப் போட்டா அவரு மனசு என்ன பாடுபடும்?"

அப்படியானால் தடி குறையும் என்றது என்ன என்று நான் மெல்லக் கேட்டேன். மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வெல்லத்தில் தெம்பு இருக்கிறது, தெம்பு வந்தால் கைத்தடி ஊன்றுவது குறையும், சின்னக் குழந்தைக்கும் புரியும் என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன். தமிழாக எடுத்துக்கொண்டாலும் அந்த வாக்கியம் முழுசாக அர்த்தம் கொடுத்தது. அதுதான் வம்பு.

"வெல்லத்த எப்படிங்க குடிக்கிறது?" என்றார் ராவுத்தர்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "கரைச்சு," என்றார்.

டாக்டரையே போய்க் கேட்டுவிடலாமே என்றேன். படித்த மனுஷனிடம் போய், நீ பேசினது என்ன பாஷை என்று கேட்பது நாகரிகமா என்று மாமா என்னை அடக்கிவிட்டார். ஒரு வாரம் இதே பேச்சு. சென்னை ராஜ்ஜியத்தோடு சேர வேண்டும் என்று நினைத்தவர்களெல்லாம் டாக்டர் சொன்னது வெல்லம் என்றார்கள். இருக்கிற இடத்திலேயே இருப்போம் என்றவர்கள் தண்ணீர் என்றார்கள். பாஷைவாரியாக முதலில் பிரிந்தது எங்கள் பெஞ்சுதான். இதில் ராவுத்தர் கடைசிவரை தண்ணீர்க் கட்சி. ஆனால் மாமாவுக்கு வெல்லம் விற்றதும் அவர்தான். குமுளியிலிருந்து வந்த நல்ல ஏலக்காயாகப் பார்த்து, அதில் தட்டிப் போடுங்கள் என்று கூடவே கட்டியும் கொடுத்தார். கொள்கை வேறு, கடை வேறு.

ஆக, தினமும் விடிந்ததும் ஒரு சொம்பு பானகம். சுக்கும் ஏலக்காயும் போட்டு அக்காதான் கரைத்துக் கொடுத்தாள். தண்ணீரும் அதில் இருப்பதால் எந்தக் கட்சிக்கும் துரோகம் இல்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். டாக்டர் வாக்கைக் காப்பாற்ற மாமா தடியை வீட்டிலேயே வைத்துவிட்டார். தடி இல்லாமல் அவரால் வாசல் தாண்ட முடியவில்லை. அதனால் என் சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

பிள்ளைகளே, தேகப்பயிற்சி பற்றி எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. இளைக்க வேண்டுமானால் தேர்தலில் நிற்க வேண்டாம், நிற்கிறவரை வைத்து மிதித்தால் போதும். அந்த மாசம் என் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மாமாவுக்குச் சட்டைப் பொத்தான் நிற்கவில்லை.

என் சைக்கிளும் அந்தப் பாரத்துக்குப் பழகியதல்ல. கருவேல முள் கிடக்கிற வண்டித் தடத்தில் பின்சக்கரம் பஞ்சராகாத நாள் கிடையாது. எந்த வீட்டு முன்னால் காற்று இறங்குகிறதோ, அங்கே நான் டியூபைக் கழற்றிக்கொண்டு உட்காருவேன். மாமாவுக்கு அந்த வீட்டுக்காரர்கள் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போடுவார்கள். கட்டில் ஒருமுறை முனகும். சைக்கிளில் வந்த குலுக்கலிலேயே மாமாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். கையைக் கூப்பியபடி வாயைத் திறப்பார், காற்றுத்தான் வரும். ஓட்டு என்று சொல்வதற்குக்கூட நேரம் பிடிக்கும். அதற்குள் வீட்டுப் பெண்கள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஓடையில் மழைக்காலத்தில் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கூடம் போகிறார்கள், கிணற்றில் எத்தனை படி இறங்கித் தண்ணீர் எடுக்கிறார்கள், கட்டிக்கொடுத்த பெண்ணிடமிருந்து கடிதம் வருகிறதா என்று எல்லாம் சொல்லிவிடுவார்கள். மாமா தலையை ஆட்டுவார். அதற்கு மேல் அவரால் முடியாது. அவருக்குப் பேச்சு வந்து, நிலக்கடலைத் தோல் பற்றி ஆரம்பிக்கும் நேரம் பார்த்து நான் பஞ்சர் ஒட்டி முடித்திருப்பேன். சில சமயம் சீக்கிரமாகவே முடித்தேன்.

இந்த நேரத்தில் ட்ரில் மாஸ்டர் வார்டு முழுவதையும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். எதிரே வந்தால் மணியடிப்பார். மாமா என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். திரும்பும் வழியில் ஒருநாள் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்: "டேய் தம்பி, தோத்துட்டா நெசமாலுமே உங்கக்கா பேச உடமாட்டாளா?" அப்படி ஒரு சின்னக் குரல் அவருக்கு உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். விடமாட்டாள் என்றுதான் சொன்னேன். பொய் சொல்லி என்ன.

ஓட்டு எண்ணினார்கள். மாமா ஜெயித்துவிட்டார். அதிகமில்லை, கொஞ்சம் ஓட்டில்தான், ஆனால் ஜெயித்தது ஜெயித்ததுதான். ட்ரில் மாஸ்டர் கை குலுக்கிவிட்டு, மறுநாளும் வழக்கம்போல் ஓடினார். பெஞ்சில் ஆளுக்கொரு காரணம். வெல்லக் கட்சி, பானகத்தின் தெம்பு என்றது. தண்ணீர்க் கட்சி, பானகத்தில் இருந்த தண்ணீரின் குணம் என்றது. ராவுத்தர் ஏலக்காய் என்றார். மாமா தன் விஞ்ஞான அறிவு ஜனங்களைக் கவர்ந்தது என்று நம்பினார்.

உண்மைக் காரணம் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வந்த பெண்களே அவளிடம் சொன்னார்களாம். அன்று சாப்பாட்டுக்கு மாமாவும் நானும் உட்கார்ந்திருந்தபோது, இலையில் சோறு வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த மாஸ்டர் வந்தாரு, அவரே பேசுனாரு, போயிட்டாரு. உங்க ஊட்டுக்காரரு வந்து, நாங்க பேசறத எல்லாம் ஒக்காந்து கேட்டாருங்கறாங்க. குறுக்க ஒரு வார்த்த சொல்லலியாமா."

"நான் எங்க கேட்டன்? எனக்கு மூச்சு வாங்குச்சு."

"அவியளுக்கு அது தெரியலீங்க."

மாமா சோற்றைப் பிசைந்தார். ஜெயித்த மனுஷன் முகம் மாதிரி இல்லை. பேசுவதற்கு உரிமை சம்பாதித்துவிட்டு, அது பேசாததால் கிடைத்தது என்று கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"அப்போ மீட்டிங்குக்கும் மூச்சு வாங்கீட்டே போயி ஒக்காரோணுமா?" என்றார்.

"வாங்காட்டியும் பரவால்லீங்க," என்றாள் அக்கா, ரசத்தை ஊற்றியபடி. "வாங்கறாப்பல ஒக்காந்துக்கங்க."

அதற்கு மாமா அன்றைக்கு அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பெஞ்சில் வந்து சொன்னார், மத்தியானம் வரைக்கும்.