சம்பந்தி கேட்ட ஆட்டம்

எங்கள் டீம் முதல் டிவிஷனிலிருந்து இறங்கிய கதையை யார் கேட்டாலும் நான் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன். நாங்கள் ஆடத் தெரியாமல் இறங்கவில்லை. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் அன்றைக்கு எங்களைப் போலப் பந்தாட ஆள் கிடையாது. இதைச் சொன்னால், "தோத்தவன் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவான் லா" என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வருஷம் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவன் நான். என்ன நடந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பத்தாங் பெர்ஜுந்தை டவுனிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் எங்கள் தோட்டம். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த மரங்களில் நான் பால் வெட்டினேன். வயது இருபத்திரண்டு. எங்கள் லெஃப்ட் விங் செம்பனைக் குலை வெட்டுகிறவன். வெறுங்காலில் ஓடினாலும் அவனை யாராலும் பிடிக்க முடியாது. சென்டர் ஃபார்வர்ட் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். லெஃப்ட் பேக் என் பக்கத்து வீட்டுக்காரன். ஒரே லயத்து வரிசையில் வீடு, ஒரே வயது, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் எனக்கு முன்னால் நின்றால் எனக்குப் பாதி வேலை குறைந்துவிடும். முந்தைய வருஷம் தோட்டங்களுக்கிடையிலான கோப்பையை வாங்கியவர்கள் நாங்கள்.

அதுதான் தலைக்கேறிவிட்டது. லெஃப்ட் விங் கீப்பரையும் தாண்டிப் போவான். காலி வலையில் தட்டிவிடாமல், திரும்பி வந்து இன்னொரு ஆளை ஏமாற்றிப் பார்ப்பான். கூட்டம் கை தட்டும், பந்து போய்விடும். இப்படியே நாலைந்து ஆட்டங்களை டிரா செய்தோம், இரண்டைத் தோற்றோம். ஆனாலும் யாருக்கும் பயமில்லை. எட்டு டீமில் கடைசி இரண்டு இறங்கும். அந்த இரண்டில் நாங்களா? அந்தப் பேச்சே எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அரசாங்க இலாகாக்கள் தங்கள் டீமுக்குப் பந்தாட்டக்காரர்களைத் தேடி வேலை கொடுப்பதுண்டு. ராவாங்கில் இருந்த ஓர் இலாகா ஒரு கீப்பரைத் தேடுகிறது, எங்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் வரும் என்று தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்னிடம் சொல்லியிருந்தார். "ஃபர்ஸ்ட் டிவிஷன் பையனத்தான் பாப்பானுங்க. டீம் இறங்கிச்சின்னா உன்ன எவனும் எட்டிப் பாக்க மாட்டான், தெரிஞ்சிக்க" என்றார். பால் வெட்டும் கத்தியைக் கீழே வைக்க எனக்கு இருந்த ஒரே வழி அது. விடியலில் மரத்தடியில் நிற்கும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

லீக் முடிய இரண்டு ஆட்டம் இருந்தபோது, இறங்காமல் தப்பிக்க எங்களுக்கு ஒரு டிரா போதும். முதல் ஆட்டம் பக்கத்துத் தோட்டத்தோடு. என் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் அந்த டீமின் கேப்டன். பரிசம் போட்டாகிவிட்டது, கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. தங்கை என் ஜெர்சியைக் கொடியில் காயப்போட்டபடியே கிண்டல் செய்தாள். "அண்ணே, அவரு அடிக்கிற பந்தக் கொஞ்சம் மரியாதையாப் புடிங்க." நான் ஈரத் துண்டை அவள்மேல் வீசினேன். இருவரும் சிரித்தோம்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, மத்தியானம், மாப்பிள்ளையின் அப்பா மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அவர். ஒரு தார் வாழைப்பழமும் வெற்றிலையும் கொண்டுவந்திருந்தார். பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் கை நிறையக் கொண்டுவந்தால் பின்னாலேயே ஏதோ கேட்கப் போகிறார்கள் என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன்.

"சம்பந்தி, நேராவே கேட்டுடறேன்" என்றார் அப்பாவிடம். "எங்க பசங்க இந்த ஞாயித்துக்கெழம தோத்தா இறங்கிடுவானுங்க. இறங்கினா டீமையே கலைச்சிடுவேன்னு மெனேஜர் சொல்லிட்டாரு. உங்களுக்கு இது ஒண்ணுமில்ல. எங்களுக்குப் பொழப்பு. மருமகப்புள்ள மானம் உங்க மானந்தானே?"

அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆவட்டும் சம்பந்தி" என்றார். அவ்வளவுதான். ஒரு டீமின் தலையெழுத்து ஒரு வெற்றிலை மடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

அவர் போனபிறகு நான் குதித்தேன். எவனைக் கேட்டு வாக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அதுவரை அப்பாவிடம் அந்தக் குரலில் நான் பேசியதில்லை. அவர் கோபப்படவே இல்லை.

"பொண்ணக் குடுக்கிற வூடுடா நாம. வாசல் தேடி வந்து கேக்கறாரு. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இவளுக்கு ஏற்கெனவே ஒரு எடம் தட்டிப் போச்சு. இதுவும் போச்சின்னா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு பந்துதானே. விட்டுடு. யாருக்கும் மூச்சு விடாத" என்றார்.

ஒரு பந்துதானே! இலாகா வேலையைப் பற்றி அப்பாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. கிடைத்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அப்போது சொன்னால் தங்கையின் கல்யாணத்துக்கு எதிரில் என் வேலையை நிறுத்தியதுபோல் ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மாப்பிள்ளையே டவுனில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்கு என்னை அழைத்தான். நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீ வாங்கிக் கொடுத்தான். அவனிடம் நான் கணக்கை விரலில் எண்ணிக் காட்டினேன். இந்த ஆட்டத்தில் தோற்றால் எங்களுக்கு மிச்சமிருப்பது ஒரே ஆட்டம், அதுவும் முதலிடத்தில் இருக்கும் டீமோடு. அதிலும் தோற்றால் எங்கள் கதி கெர்லிங் பக்கத்து டீமின் கையில். அவர்கள் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் நாங்கள் இறங்குவோம். அவர்கள் கடைசியாக ஆடப் போவதோ மாப்பிள்ளையின் டீமோடு.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், அந்தப் பயலுங்கள அடிச்சி உக்கார வெக்கிறது எம் பொறுப்பு. ஃபுல் டீம் எறக்குறேன். உங்க டீம் இறங்காது. இறங்கினா எம் மூஞ்சில முழிக்காத." அவன் கை சூடாக இருந்தது. நான் நம்பினேன். தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் திடலில் ஆட்டம். டிராக்டரில் ஏறிச் சனம் வந்திருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் கிராணி என்னிடம் ஓடிவந்து, நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த ஒருவரைக் கண்ணால் காட்டினார். "ராவாங் ஆளு. உன்னப் பாக்கத்தான் வந்திருக்காரு. இன்னிக்கு உட்றாத." நான் கையுறையை மாட்டிக்கொண்டு கோல் கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். எதற்குக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதல் பாதியில் மூன்று பந்துகளைப் பிடித்தேன். இன்றுவரை அதைவிட நன்றாக நான் பிடித்ததில்லை. இரண்டாம் பாதி முடியப் போகும் நேரத்தில் மாப்பிள்ளை வலது ஓரமாக வந்தான். லெஃப்ட் பேக், என் தோழன், செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தான். அவனை உள்ளே விடாமல் கோட்டோரமாகத் தள்ளிக்கொண்டே போனான். அடிக்க இடமே இல்லாத மூலை அது. அங்கிருந்து வந்த பந்தை நான் ஒரு கையால் எடுத்துவிடுவேன். அரை அடி, வெறும் அரை அடி, முன்கூட்டியே தூரத்துக் கம்பத்தின் பக்கம் நகர்ந்தேன். பந்து பக்கத்துக் கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது.

குடைக்காரர் மடியில் இருந்த புத்தகத்தில் ஏதோ எழுதினார். லெஃப்ட் பேக் புல்லைக் கொத்தாகப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். "என் காலுக்கடியில போச்சுடா. நான் நீட்டியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். திரும்பும் வழியில் சென்டர் ஃபார்வர்டும் அவனைத்தான் ஏசினார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. "என்ன வெச்சி இன்னொரு தடவ சாவாதீங்க" என்று சொல்லி, பூட்ஸை ஆணியில் மாட்டிவிட்டான். நான் அவன் வீட்டுக் கதவருகில் நின்று கெஞ்சினேன். உண்மையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இடத்தில் வேறொருவனை நிறுத்தி ஆடினோம், அந்தப் பக்கமாகவே இரண்டு கோல் வந்தது. தோற்றோம். ஆனாலும் நான் கலங்கவில்லை. திடலோரத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளை டீமின் முடிவுக்குக் காத்திருந்தேன். அவன் வாக்குக் கொடுத்திருந்தானே.

சாயங்காலம் கிராணி மோட்டாரில் வந்து இறங்கினார். கெர்லிங் பக்கத்து டீம் ஜெயித்துவிட்டது. "உங்க மாப்ள ஆடவே இல்லயாம்டா. இன்னும் நாலு பேரும் வரல. அவருக்கு ராவாங் இலாகா டீம்ல பயிற்சி ஆட்டமாம், மத்தவனுங்க பாக்கப் போயிட்டானுங்களாம்" என்றார். குடைக்காரர் அன்று எழுதியது அவன் பெயரைத்தான். என்னைப் பார்க்க வந்தவர், என்னைத் தாண்டிக் கோல் போட்டவனை எடுத்துக்கொண்டு போனார். அந்த இலாகாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணால் பார்த்ததைத்தானே எழுத முடியும்.

கோப்பையை வாங்கிய டீம் மறு வருஷமே இரண்டாம் டிவிஷனில். பத்தாங் பெர்ஜுந்தை சந்தையில் தெரியாதவர்களெல்லாம் நிறுத்தி, எப்படி என்று கேட்டார்கள். மெனேஜர் ஆட்டத்துக்கு லோரி கொடுப்பதை நிறுத்தினார். மாப்பிள்ளை எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, ஆள் விட்டு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும் இல்லை. துரோகம் என்ற சொல்லை அதுவரை நான் மேடைப் பேச்சில்தான் கேட்டிருந்தேன். அது நெஞ்சில் எந்த இடத்தில் உட்காரும் என்று அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம், "பாத்தீங்களா உங்க மருமகன?" என்று கேட்டேன். "கல்யாணம் முடியட்டும்" என்றார். வேறு என்ன சொல்வார், பாவம்.

கல்யாணம் எங்கள் தோட்டத்துக் கோயில் பந்தலில். மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றதும் பெண்ணின் சகோதரன் அவன் காலைக் கழுவித் துடைத்து, விரலில் மோதிரம் போட்டு உள்ளே அழைத்துப் போக வேண்டும். எங்களில் அது வழக்கம். நான் குந்தினேன். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்றவன் என் லெஃப்ட் பேக். அவனைத் தவிர வேறு யாரை நான் நிறுத்துவேன்?

அவன் தண்ணீரை ஊற்ற, நான் மாப்பிள்ளையின் வலது காலைக் கழுவினேன். அந்தக் கோலைப் போட்ட கால். நாதஸ்வரம் ஒரு மூச்சு நின்ற சமயம் பார்த்து மாப்பிள்ளை குனிந்தான். சிரித்த முகத்தோடு, தோள் தட்டிச் சமாதானம் சொல்லும் குரலில்தான் சொன்னான்.

"அந்தக் கோல நீ விட்டுக் குடுக்கலன்னாலும் நான் போட்டிருப்பேன் மச்சான். மனசுல வெச்சுக்காத."

தண்ணீர் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சொம்பு சாய்ந்தபடி லெஃப்ட் பேக்கின் கையில் இருந்தது, அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிச்சத் தண்ணீரையும் ஊற்றி முடித்தான். நான் துடைப்பதற்குத் துண்டையும் எடுத்துக் கொடுத்தான்.

தாலி கட்டி முடிந்ததும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போனேன். சாம்பார் அண்டாவிலிருந்து என் தோழன் வாளியில் மொண்டுகொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பேசினான்.

"ரெண்டு மாசமா நான் சரியாத் தூங்கலடா. என்னாலதான் டீம் போச்சின்னு."

"அப்பா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

"உன் தங்கச்சி எனக்கும் தங்கச்சிதானடா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வழி விட்டிருப்பேனே" என்றான்.

பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனான். மாப்பிள்ளை வீட்டார் வரிசையிலிருந்து பரிமாற ஆரம்பித்தான்.