கல்லுக்குப் பயந்து விளக்கணைத்த ஊர்

போன சனிக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டு வாசலில் விசில் சத்தம் கேட்டது.

விசில் என்றால் வார்டன் துரைசாமி. அம்பத்தூருக்கு ஏ.ஆர்.பி. வார்டன் அவர்தான். ஜப்பான்காரன் ஆகாய விமானத்தில் குண்டு போட வந்தால் எங்களையெல்லாம் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அவருடையது. அதற்காக ஒரு தகரத் தொப்பி, கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, ஒரு விசில் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பதுங்கு குழிகூட வெட்டி வைத்திருக்கிறார். குண்டு விழுந்தால் நாங்கள் போய்ப் படுக்க வேண்டும். தற்சமயம் அதில் மழைத் தண்ணீர் நின்று எருமைகள் படுத்திருக்கின்றன.

என் கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும். பட்டணத்தில் குண்டு விழப்போகிறதென்று ஊரே மூட்டை கட்டியபோது, நானும் என் சம்சாரமும் மூட்டை கட்டி அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கினோம். ஏழுமலை என்ற விவசாயியின் வீட்டு முன்பக்கத்தில் குடியிருக்கிறோம். பட்டணத்தில் போடுகிற குண்டை ஜப்பான்காரன் கொஞ்சம் தள்ளி அம்பத்தூரில் போட மாட்டானா? அதெல்லாம் ஓடி வருகிறவன் யோசிக்கிற விஷயமா, சொல்லுங்கள்!

"சார்! இத்தப் படிச்சீங்களா?" என்று வார்டன் பேப்பரை நீட்டினார். என் பேப்பர்தான். காலையில் நான் பிரிப்பதற்கு முன்பே இரவல் வாங்கிப் போயிருந்தார்.

ஒரு பக்கத்து மூலையில் நாலைந்து வரிச் செய்தி. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு குட்டிக் கிரகம் பூமிக்கு வெகு அருகில் ஓடிற்றாம். கிரகம் என்றால் ஒரு மலையளவு கல். வெகு அருகில் என்றால் லட்சக்கணக்கான மைல். வான சாஸ்திரிகள் சில நாள் அதைப் பார்த்தார்களாம். பிறகு காணவில்லையாம்! இப்போது எங்கே இருக்கிறதென்று தெரியாதாம். எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாமாம்... வந்தால் இடித்தாலும் இடிக்கலாமாம்.

நான் மூக்குக் கண்ணாடியைத் தொலைப்பேன். என் சம்சாரம் சாவிக்கொத்தைத் தொலைப்பாள். ஒரு மலையையே தொலைப்பதற்கு எவ்வளவு படித்திருக்க வேண்டும்! அதையும் தொலைத்துச் சில வருஷம் கழித்து, 'ஜாக்கிரதை' என்று நமக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். ஜாக்கிரதையாக இருந்து நாம் என்ன செய்ய வேண்டும்? அதை மட்டும் போடவில்லை.

ஆனால் வார்டனுக்குத் தெரிந்திருந்தது.

"இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து ஊர்ல ஒரு வெளக்கு எரியக் கூடாது சார். முழு இருட்டடிப்பு!"

"இது யார் உத்தரவு?"

"குண்டும் மேலேர்ந்துதான் வருது, கல்லும் மேலேர்ந்துதான் வருது. மேலேர்ந்து எது வந்தாலும் வார்டன்தான் பொறுப்பு."

"மழைகூட மேலேயிருந்துதானே வருகிறது?"

"தமாஷ் பண்ற நேரமா சார் இது?"

"சரி, விளக்கை அணைத்தால் கல்லுக்கு ஊர் தெரியாதா?"

"ஏரோப்ளேன்ல ஒக்காந்துகினு வர்றவன் கண்ணுக்கே தெரியாது. கல்லுக்குக் கண்ணே இல்லியே சார், அதுக்கு எப்பிடித் தெரியும்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்கள் சொல்லிவிடுவீர்களா? இத்தனை மாதமாக விளக்கை மறைத்து மறைத்துப் பழகிய ஊர். வானத்திலிருந்து எது வந்தாலும் திரியைத் தணித்தால் போதும் என்று எல்லோரும் மனப்பூர்வமாக நம்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

இதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு வேறு விஷயம் எழுதியிருப்பேன். ஆனால் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பெண் அழைப்பு.

ஏழுமலையின் மகள் வள்ளிக்கு மறுநாள் காலையில் பூந்தமல்லியில் கல்யாணம். இவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில்தான் தாலி கட்டுவது. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் தகப்பனார் வண்டியோடு வந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் மேளம் முழங்க, காஸ் விளக்கு வெளிச்சத்தில் பெண்ணை அழைத்துப் போக வேண்டும். விளக்கில்லாமல் கல்யாணப் பெண் வாசற்படி தாண்டினால் அமங்கலம் என்பார்கள். மண்ணெண்ணெய் கிடைக்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும். அந்த ஊர்வலத்துக்காக வள்ளியின் தாயார் ஒரு மாதமாகச் சமையலறையில் இருட்டில் உலை வைத்து, துளித்துளியாக எண்ணெய் மிச்சம் பிடித்திருந்தாள்.

மாப்பிள்ளை மாசிலாமணி ராணுவத்தில் லாரி ஓட்டுகிறான். ஆவடி முகாமில் இருக்கிறான். கல்யாணத்துக்கென்று லீவு கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் ரயிலேற வேண்டும், அங்கிருந்து கப்பல். எந்த ஊருக்கு என்று கேட்டால், அது ரகசியமாம். அவனுக்கே தெரியாது.

பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு வண்டிகள் வாசலில் வந்து நின்றன. சம்பந்தி கன்னியப்பன் இறங்கினார். பூந்தமல்லியில் வைக்கோல் வியாபாரம் செய்கிறவர். நல்ல மனுஷர், ஆனால் சகுனம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வார்டன் பேப்பரும் கையுமாக எதிரே போய் நின்றுவிட்டார். நாலைந்து வரிச் செய்தி அவர் வாயில் நாலைந்து பக்கம் ஆயிற்று. காஸ் விளக்குக்காரன் பம்ப் அடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். கொட்டத் தொடங்கிய மேளமும் நின்றது.

கன்னியப்பன் ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு ஏழுமலையைப் பார்த்தார்.

"சம்மந்தி, வெளக்கு இல்லாம பொண்ண இட்டுகினு போவக் கூடாது. வெளக்கு ஏத்தக் கூடாதுன்னு இவரு சொல்றாரு. மேல கல்லு வேற சுத்திகினு கீது. இன்னாமோ எனக்கு மனசு ஒப்பல. இந்தக் கண்டம் கழியட்டும். பையன் அடுத்த லீவுல வந்தா வச்சிக்கலாம்."

"அடுத்த லீவா? அது எப்போ சம்மந்தி?"

கன்னியப்பன் மறுபடி ஆகாயத்தைப் பார்த்தார்.

ஏழுமலை தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, ஊரெல்லாம் பாக்கு வச்சாச்சே! கல்யாணம் நின்னு போன பொண்ணுன்னு பேராயிட்டா, எம் பொண்ண அப்பறம் எவன் கட்டுவான்?" என்றவர், சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க பத்திரிகைல எழுதறவரு. இது சும்மான்னு இவருக்குச் சொல்லுங்க சார்!"

சொன்னேன். சாங்கோபாங்கமாகச் சொன்னேன். அந்தக் கல் வந்து போய்ச் சில வருஷம் ஆயிற்று, அதுவும் லட்சக்கணக்கான மைலுக்கு அப்பால் என்று கையை விரித்துக் காட்டினேன்.

"தூரம்னு சொல்றீங்க. ஜப்பான் மட்டும் இன்னா, திருமுல்லைவாயல்லயா கீது?" என்றார் வார்டன்.

"அது திரும்பி வராதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா சார்?" என்றார் கன்னியப்பன்.

வாரா வாரம் எதையாவது எழுதியே சாப்பிடுகிறவன் நான். அதை மட்டும் எழுதிக் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினார். உள்ளே வள்ளியின் தாயார் ஓவென்று அழுதாள். அவ்வளவுதான், கல்யாணம் நின்றது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது வள்ளி வாசலுக்கு வந்தாள். பூ வைத்துப் பின்னிய ஜடையும், நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமுமாக நின்றாள். கல்யாணப் பெண் நாலு பேர் எதிரே, அதுவும் மாமனார் எதிரே, வாய் திறக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. தகப்பனார் பதறிப்போய், "உள்ள போம்மா" என்றார்.

"இரு நைனா," என்றாள். "மாமா, கல்லு வந்தா உங்களுக்கு, எனக்கு, இந்த வார்டன் அண்ணாத்தைக்கு, எல்லாருக்கும் சேத்துதான வரும்? அதுக்கு நான் பயப்படல. திங்கக்கெழம உங்க புள்ளைய எங்கயோ அனுப்பறாங்களே... அங்க அவருக்குன்னே தனியா ஒண்ணு வரும். அதுக்கு எந்த வெளக்க மாமா அணைக்கறது?"

இத்தனை நாளாகப் பெண் வீட்டிலும் சரி, பிள்ளை வீட்டிலும் சரி, அந்தப் பேச்சை ஒருவரும் எடுத்ததில்லை. பந்தல், பருப்பு, சர்க்கரை என்று எல்லாம் பேசினார்கள். திங்கட்கிழமையைப் பற்றி மட்டும் பேசவில்லை. எல்லோருக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. பக்கத்தில் இருக்கிற பயத்தை வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா? ஆகையால் லட்சம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு கல்லை வரவழைத்து, அதைக் கண்டு ஆசை தீரப் பயப்படுகிறோம்! அது கொஞ்சம் சௌகரியமாக இருக்கிறது.

கன்னியப்பன் வண்டிப் படியில் உட்கார்ந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, அத்தனை பெரிய மனுஷர், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஒரே புள்ளம்மா எனக்கு," என்றார். "போவாதடான்னு சொன்னேன். கேக்கல."

"தெரிஞ்சிதான மாமா நான் சரின்னு சொன்னேன்?" என்றாள் வள்ளி. அப்போதுதான் அவள் குரலும் உடைந்தது.

கிண்டலாக ஒரு வார்த்தை தேடிப் பார்த்தேன். பிழைப்பே அதுதான் என்றாலும் அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கன்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஏறும்மா வண்டில. மேளத்த அடிங்கடா!"

விளக்குக்காரன் வார்டனைப் பார்த்தான். "ஏத்தட்டா அண்ணாத்தே?"

வார்டன் விசிலைக் கையில் எடுத்தார். வானத்தை ஒருதரம் பார்த்தார். வள்ளியை ஒருதரம் பார்த்தார். சர்க்கார் உத்தியோகம் ஒரு பக்கம், ஊர்ப் பெண் ஒரு பக்கம். பாவம், என்ன செய்வார்? தகரத் தொப்பியைக் கண் மறைகிற வரையில் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு ஒரு வெளக்கும் தெரியலப்பா," என்றார்.

காஸ் விளக்குகள் புஸ்ஸென்று பற்றின. தெருவே பளிச்சென்று ஆயிற்று. ஊர்வலத்துக்கு முன்னால் யார் போனார் என்று நினைக்கிறீர்கள்? வார்டன்தான்! தொப்பி கண்ணை மறைத்ததால் இரண்டு இடத்தில் தடுக்கி விழப்பார்த்தார். ஆனாலும் ஊர் எல்லை வரையில் விசிலடித்து வழி விலக்கிக்கொண்டே போய் வண்டியை அனுப்பிவிட்டு வந்தார். கல் வரவில்லை. வெளிச்சத்தைப் பார்த்து விட்டில் பூச்சிகள்தான் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் கல்யாணம் நன்றாக நடந்தது. மாசிலாமணி நல்ல பையன். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. "சண்டைக்குப் போகப் பயமில்லையா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டு வைத்தேன். "லாரிதான சார் ஓட்றேன்," என்று சிரித்தான். சிரித்துவிட்டு, வள்ளி கேட்டாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை போய்விட்டான்.

வள்ளியைத் தகப்பனார் மறுவீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார். மாப்பிள்ளை இல்லாத மறுவீடு. நேற்றுக் காலையில் நான் பேப்பர் பிரித்துக்கொண்டிருந்தபோது வந்து கதவோரமாக நின்றாள். படிக்கத் தெரியாத பெண்.

"இன்னிக்கு எதுனா போட்டுகீறாங்களா சார்?"

"அந்தக் கல்லைப் பற்றி ஒன்றும் இல்லையம்மா," என்றேன் உற்சாகமாக.

"அது கெடக்குது சார். சண்ட எப்போ முடியும்னு போட்டுகீறாங்களா?"

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் நிதானமாகப் புரட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் போடுவாங்கம்மா," என்றேன்.

பத்திரிகைக்காரனே சொல்லிவிட்டானே என்று நம்பி, இன்றைக்கும் வந்து நிற்கிறாள்.