கண்ணாடி அலுமாரிக்குள் ஓர் இன்வேர்ட்டர்

எங்கள் வீட்டில் புதிதாக வரும் எந்தப் பொருளுக்கும் முதல் வேலையாக ஓர் உடுப்புப் போடப்படும். தொலைக்காட்சிக்குப் பூப்போட்ட உறை, குளிர்சாதனப் பெட்டிக்கு லேஸ் வைத்த விரிப்பு, ரிமோட்டுக்கு அது வந்த பொலித்தீனே நிரந்தர உடுப்பு. ஆகவே சுவிஸிலிருந்து வந்த மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, ஓர் இன்வேர்ட்டரோடு தன் கையால் பின்னிய வெள்ளைத் துணியையும் சேர்த்துத் தந்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. மாரி மழைக்கு ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வருமென்று கடவுளுக்கும் தெரியாது. பற்றரியிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுத்துத் தருகிற பெட்டி என்றால் சும்மாவா?

கணவர் வவுனியாவுக்குப் போய்ப் பெரிய பற்றரி ஒன்று வாங்கிவந்தார். கூடவே ஞானமும் வாங்கிவந்துவிட்டார். அன்றிலிருந்து எந்தச் சாமானைக் கண்டாலும் தலைகீழாகப் பிடித்து அடியில் எழுதியிருப்பதை வாசிப்பார்.

"இன்வேர்ட்டர் ஐந்நூறு வாட்ஸ். கேத்தில் ஆயிரத்து ஐந்நூறு. அயன் பெட்டி ஆயிரம். சூடாக்கிற சாமான் எல்லாம் கரண்டைக் குடிக்கிற சாமான். கொண்டுபோய் மாட்டினீரெண்டால் எல்லாம் துலைஞ்சுது. உமக்கு உதுகள் விளங்காது."

சொன்னது முழுக்கச் சரி. அதுதான் எனக்கு எரிச்சல். சரியானதைச் சொல்லுகிற மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? என்னுடைய குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அது நூறு வாட்ஸைத் தாண்டாது.

இவ்வளவு கணக்குப் பார்த்தவர் இன்வேர்ட்டரை எங்கே வைத்தார் தெரியுமா? கண்ணாடி அலுமாரிக்குள்! ஒருநாளும் தேத்தண்ணி ஊற்றாத கோப்பைகளுக்கு நடுவில். ஒட்டியிருந்த பொலித்தீனை உரிக்கவில்லை. அதன்மேல் அக்காவின் துணி. கதவிடுக்கால் வயர் மட்டும் வெளியே வந்தது. மச்சாள் வீடியோ கோலில் வரும்போதெல்லாம் போனை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

"புதுசு மாதிரியே வைச்சிருக்கிறாய் தம்பி" என்று அவா உருகுவா.

அந்த மாரியில் பக்கத்து ஒழுங்கைப் பெண் ஒருத்தி ஒரு கூடை முட்டையோடு வந்தாள். மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அவள் வளர்த்த கோழிகளை மரநாய் புகுந்து ஒன்றும் விடாமல் முடித்திருந்தது.

"இதுதான்க்கா மிச்சம். அதுங்க போட்ட கடைசி முட்டைங்க. இது பொரிச்சாத்தான் எங்க வீட்ல மறுபடி கோழின்னு ஒண்ணு இருக்கும். பாத்துக்குங்கக்கா."

முட்டைகளை என் பெட்டியில் வைத்தேன். அவை பொரிக்க இன்னும் ஒரு நாள் இருக்கையில் காற்றும் மழையும் அடித்துக் கரண்ட் போனது. இன்வேர்ட்டர் ஓடத் தொடங்கியது. மழை விட்டதும் கணவர் சந்திக் கடைக்குப் போனார், நாலு பேருக்கு வாட்ஸ் படிப்பிக்க. மத்தியானம் அலுமாரிக்குள் கீச்சென்று ஒரு சத்தம். எலி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சத்தமும் நின்றது, முட்டைப் பெட்டியின் விளக்கும் அணைந்தது.

அலுமாரியைத் திறந்தால் அடுப்படி வெக்கை முகத்தில் அடித்தது. துணியைத் தூக்கினேன். பொலித்தீன் சுருங்கி, காற்றுப்போகும் ஓட்டைகளை அடைத்துக்கொண்டு கிடந்தது. வயர்களைக் கழற்றி, பிடிதுணியால் பிடித்து, இன்வேர்ட்டரை யன்னலோர மேசைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன்.

விழுந்தடித்து ஓடிவந்தவர் நேரே முட்டைப் பெட்டியின் மூடியில் கை வைத்தார்.

"கையை எடுங்கோ! இருக்கிற சூடும் போகப்போகுது!"

"அப்ப, அவசரத்துக்குக் கேத்திலை ஒருக்கா மாட்டிச் சுடுதண்ணி வைப்பமோ?"

"எதில மாட்டப்போறியள்? அதுவே மயங்கிக் கிடக்குது. அதுக்கு மூச்சு விட இடம் வேணும். முட்டைக்குத்தான் போர்வை வேணும். நீங்கள் எல்லாத்தையும் மாறிச் செய்து வைச்சிருக்கிறியள்!"

அவருடைய முகம் தொங்கிப்போனது. மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டு விறகு கொண்டுவரப் போனார்.

மச்சாளின் துணியைப் பெட்டிமேல் போட்டேன். அதன்மேல் ஒரு சாக்கு, காற்றோட்டைகளை மட்டும் மறைக்காமல். விறகடுப்பில் தண்ணீர் வைத்துப் போத்தல்களில் ஊற்றிச் சுற்றி அடுக்கினோம். அவர் யன்னலடியில் இருந்து, புண்ணின் கட்டை அவிழ்ப்பதுபோலப் பொலித்தீனை மெல்ல மெல்ல உரித்தார். இன்வேர்ட்டர் நன்றாக ஆறும்வரை பொறுத்து மறுபடி போட்டோம். விளக்கு எரிந்தது. ஆனால் ஓட்டுக்குள் உயிர் இருக்கிறதா இல்லையா என்று யார் கண்டது? கூடையோடு நின்ற அந்தப் பெண்ணின் முகம்தான் என் கண்ணுக்குள் நின்றது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அந்தச் சத்தம் முதலில் அவருடைய காதில்தான் விழுந்தது.

"இஞ்ச ஓடிவாரும்" என்றார், ரகசியம் சொல்லுவது போல.

ஓர் ஓட்டில் சின்ன விரிசல். உள்ளேயிருந்து கீச், கீச். சில முட்டைகள் அப்படியே கிடந்துவிட்டன. மற்றவை பொரித்தன. மறுநாள், குஞ்சுகள் ஈரம் காய்ந்து எழும்பி நின்றபின் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டோம். வந்தவள் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, "வந்துட்டீங்களாடி" என்று கேட்டு அழுதுவிட்டாள். வெளியே ஊதற்காற்று. குஞ்சுகளைப் போர்த்திக்கொண்டு போக அந்த வெள்ளைத் துணியையே கொடுத்து அனுப்பினேன்.

அன்று பின்னேரம் மச்சாள் வீடியோ கோலில் வந்தா. யன்னலடியில் இன்வேர்ட்டர் உடுப்பில்லாமல் இருந்தது.

"என்ன தம்பி, உப்பிடி வெறுமேலாக் கிடக்குது? நான் பின்னின துணி எங்க?"

நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று காதைக் கொடுத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதுக்கு மூச்சு விட இடம் வேணும் அக்கா. உங்களுக்கு உதுகள் விளங்காது."