புறாக்காரரின் சத்தியம்

திரிப்போலியில் புறா வளர்ப்பவன் சாட்சி சொன்னால் கோர்ட்டில் எடுபடாது என்று ஒரு பேச்சு உண்டு. அடுத்தவன் புறாவை ஆசை காட்டித் தன் மாடியில் இறக்கிவிட்டு, தன்னுடையதுதான் என்று கூசாமல் சத்தியம் செய்கிறவர்களாம். மிஸ்பாஹும் வாலிபத்தில் ஒன்றிரண்டு இறக்கியவர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் குடியிருந்த, லிஃப்ட் ஓடாத கட்டடத்தில், முட்டிவலிக்கார வஜீஹா அம்மாளுக்கு ஏழு மாடி ஏறி ரொட்டி கொடுத்துவிட்டுத்தான் மொட்டை மாடிக்குப் புறாக்களிடம் போவார். அதை யாரும் பேசுவதில்லை.

அரசாங்கக் கரண்ட் வருஷா வருஷம் தேய்ந்து, பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வீட்டுக்கு வீடு கரண்ட் விற்கும் ஜெனரேட்டர்காரன் கேட்ட பணமோ கட்டுப்படியாகவில்லை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டார்கள்.

"ஜெர்மனியில என் பையன் வீட்ல எப்பவோ போட்டாச்சு. அவங்க பூமியைக் காப்பாத்தப் போட்டாங்க, நாம லிஃப்டைக் காப்பாத்தப் போடுறோம்" என்று வஜீஹா சிரித்தார்.

வெயில் நன்றாக விழுகிற இடத்தில்தான் புறாக்கூடு இருந்தது. மிஸ்பாஹ் மறுபேச்சில்லாமல் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்த்தினார். புறாக்களுக்கு இதெல்லாம் புரியுமா? பறந்துவிட்டுத் திரும்பியவையெல்லாம் பழைய இடத்திலேயே இறங்கின. பேனல் முழுக்க எச்சம், வெயில் பிடிக்கவில்லை. சில நாள் ஓடிய லிஃப்ட் மறுபடி படுத்துவிட்டது.

ஏழாம் மாடியில் வஜீஹா வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. "எல்லாத்தையும் வித்துத் தொலை, மிஸ்பாஹ்!" என்றார் கட்டடத் தலைவர் ஃபவ்வாஸ்.

மனைவி போன பிறகு மிஸ்பாஹ் வாய்விட்டுப் பேசுவது அந்தப் புறாக்களோடுதான். "புதுக் கூடு பழகுற வரைக்கும் தினம் நானே தொடைச்சிடறேன்ப்பா. சத்தியமா!"

"யாரு, புறாக்காரன் சத்தியமா?" ஃபவ்வாஸ் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்பாஹ் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவைப் பிடித்துக்கொண்டு வஜீஹா எழுந்து வந்தார். "இவனுக்கு நான் சாட்சி. கரண்ட் வராத நாள் இருந்துச்சு, ஜெனரேட்டர் ஓடாத நாள் இருந்துச்சு. இவன் ரொட்டி வராத நாள் ஒண்ணு சொல்லுங்க பாப்போம்!"

ஃபவ்வாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்கிப் போனார்.

சில நாள் கழித்து, வெயில் ஏறிய நேரம். மிஸ்பாஹ் பேனல் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம். மொட்டை மாடிப்படியின் அடியிலிருந்து வஜீஹாவின் குரல்:

"மிஸ்பாஹ், இறங்கி வா! இன்னைக்கு ரொட்டி நான் வாங்கியாந்திருக்கேன்."

கையிலிருந்த துணியெல்லாம் எச்சம். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.