வெல்டர் முகமூடியில் ஒரு விக்கெட் கீப்பர்

பேஸ்பாலில் மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவள் என் மகள். அவளுடைய கம்பி முகக்கவசத்தின் வாரை இறுக்கக் குனிந்தேன். வேர்வையும் ரப்பரும் கலந்த நெடி என்னைத் திருவொற்றியூரில் கொண்டுபோய்த் தள்ளியது.

அங்கே சிறுவயதில் நான் தெரு அணியின் விக்கெட் கீப்பர். ஆடுவது கார்க் பந்தில். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனுக்கு முன்பற்கள் போன சேதி வந்ததும் அம்மா வாசலை மறித்தாள்.

"மூஞ்சில எதுனா மாட்டிகினு போ. இல்ல, வூட்லயே கெட."

கப்பல் பட்டறையில் வெல்டரான அப்பா தன் முகமூடியை எடுத்து நீட்டினார். "மாட்டிக்க நைனா. நெருப்பே உள்ள வராது."

பந்தும் வரவில்லை, வெளிச்சமும் வரவில்லை. கறுப்புக் கண்ணாடி வழியாகச் சூரியனே பச்சைப் பொட்டாகத்தான் தெரிந்தது. நான்கு பந்துகளை விட்டதும் கேப்டன் வந்தான்.

"இன்னா மாமு, பந்து புடிக்க வந்தியா, பத்த வெக்க வந்தியா? கண்ணு தெர்லன்னா கெளம்பு, வேற ஆளு கீறான்."

வீட்டுக்கு ஓடினேன். அம்மா கண்ணாடியை மட்டும் உருவியெடுத்தாள். முகமூடியில் மிஞ்சிய ஓட்டைமேல் வீட்டில் கிடந்த பழைய பந்தை வைத்து அழுத்திப் பார்த்தாள். "நொழையாது. போ."

அடுத்த ஓவரில் மட்டையில் உரசிய பந்து என் நெற்றியில் 'டங்' என்று மோதி, கையிலேயே விழுந்தது. அவுட்டா இல்லையா என்று இரண்டு தெருவும் அடித்துக்கொண்டன. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். சிரிக்க எல்லாப் பல்லும் இருந்தது.

"போதும்ப்பா, ரொம்ப இறுக்குது" என்றாள் மகள். பேச்சு வருகிறதே, இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்.